சதுரக் காசு

மதராஸ்,
3 பெப்ரவரி 1937

அன்புத் தங்கச்சி லுத்பியாவுக்கு, நானா ஜாபிர் ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

பயப்படாதே, அஸீஸா சுகமாக வந்து சேர்ந்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை வாய் ஓயாமல் கதைத்தாள். கப்பல் ஆடத் தொடங்கியதும் என் மடியில் படுத்தவள் தனுஷ்கோடியில்தான் எழும்பினாள். “மாமா, கடல் முடிஞ்சிட்டா?” என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை கடலைத் தாண்டியும் அதைப் பார்க்கவில்லை.

வாப்பா கடைசியாகக் கொடுத்த ஐந்து சதத்தை இன்னும் கையில்தான் பொத்தி வைத்திருக்கிறாள். சாப்பிடும்போதும் கையை மாற்றிக்கொள்கிறாளே தவிரக் கீழே வைப்பதில்லை. சுங்கக்காரர் விரலைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது இந்த ஊருல செல்லாதே பாப்பா” என்று திருப்பிக் கொடுத்தார்.

செல்லாதது அது மட்டுமில்லை. நம்முடைய நோட்டு முழுவதும் இங்கே வெறும் காகிதம். தனுஷ்கோடியில் ஒரு மனிதன் தனக்கென்று கொஞ்சம் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தந்தான். இங்கே ரூபாய்க்குப் பதினாறு அணா. இரண்டணாக் காசு நம் ஐந்து சதம் மாதிரியே சதுரம், கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இரண்டிலும் அதே செத்துப்போன மன்னருடைய தலை.

கூலி, ஜட்கா வண்டிக்காரன், விடுதியில் தண்ணீர் வைப்பவன், எல்லோரும் கை நீட்டுகிறார்கள். எவ்வளவு கொடுத்தால் சரி என்று சொல்லித்தர ஒரு ஆள் இல்லை. குறைத்தால் முகத்தைத் திருப்புகிறான். கூட்டிக் கொடுத்தால் அவனுடைய கூட்டாளிகள் நாலு பேர் வருகிறார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் பன்னிரண்டு வருடம் துணி அளந்து வாயாடிப் பழகியவன், இங்கே ஊமையாகிவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். நேற்று வெள்ளைக்கார டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். விளக்குச் சிமினி வெடித்துக் கண்ணாடி குத்திய இடது கண் போனது போனதுதானாம். அதனுடைய நோய் வலது கண்ணுக்கும் இறங்குகிறது. உடனே ஆபரேஷன் செய்தால் வலது கண்ணைக் காப்பாற்றலாம் என்கிறார். ஆனால் டாக்டர் இருபதாம் தேதி ஆறு மாத லீவில் சீமைக்குப் போகிறார். அதற்குள் நம் முறை வரவேண்டும்.

முறை என்பது நமசிவாயம் என்று ஒரு ஊழியர் கையில் இருக்கிறது. காலையில் நோயாளிகளின் சீட்டுகளை அடுக்கி டாக்டர் மேசையில் வைப்பது அவர்தான். மேலே இருக்கும் ஐந்தாறு சீட்டுக்கு மட்டும் அன்றைக்கு ஆபரேஷன். மற்றவர்கள் மறுநாள் வரவேண்டும். மேலே வைக்க எல்லோரும் அவருக்கு இரண்டணா கொடுக்கிறார்கள். புறப்படும்போது நீ என்னிடம் வாங்கிய சத்தியத்தை நினைத்து நான் கொடுக்காமல் நிற்கிறேன். என்ன செய்ய என்று எழுது.

உன் நானா,
ஜாபிர்


கொட்டாஞ்சேனை,
6 பெப்ரவரி 1937

மதிப்புக்குரிய நானாவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரன் மணியடித்தால் எழும்பி ஓடவும் எனக்கு ஏலாது. பக்கத்து வீட்டு ரபீக்கா வாங்கித் திரைக்குள் நீட்டினாள். இத்தா முடிய இன்னும் அறுபத்துமூன்று நாள் கிடக்கிறது. புருஷன் செத்தவள் வாசல் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் இருந்துகொண்டு பிள்ளையைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டேன். அவளுடைய தலையணையைத் தவிர எனக்குத் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

நானா, சத்தியம் சத்தியம்தான். நீங்கள் கேட்டதே எனக்கு வருத்தம். உங்கள் மச்சான் ஷரீப் பதினொரு வருடம் துறைமுகத்தில் பயணிகளின் பெட்டி பார்க்கும் மேசையில் இருந்தார். எத்தனை வெள்ளைக்காரர் அவருக்குக் காசு நீட்டியிருப்பார்கள்! ஒரு சதம் வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டால் அதைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டார். நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, “எண்ட கை சுத்தம் லுத்பியா, அது போதும்” என்றுதான் சொன்னார். அந்தக் கைக்குப் பிறந்த பிள்ளையின் கண்ணுக்கு நாம் லஞ்சம் கொடுப்பதா?

வேலை முடிந்த பிறகு மனம் குளிர்ந்து கொடுப்பதற்குத்தான் சந்தோசம் என்று பெயர். அதை யாரும் தடுக்கவில்லை. முன்னாலே கொடுத்தால் அதற்கு வேறு பெயர். ஆபரேஷன் முடியட்டும், அந்த நமசிவாயத்துக்கு ஒரு வேட்டியும் ஐந்து ரூபாயும் கொடுங்கள். டாக்டருக்குக் கண் இருக்கிறது, அவர் பிள்ளையைப் பார்க்காமல் விடமாட்டார்.

அஸீஸாவுக்கு நெற்றியில் ஒரு முத்தம் கொடுங்கள். உம்மா தந்தது என்று சொல்லுங்கள்.

தங்கச்சி,
லுத்பியா


மதராஸ்,
10 பெப்ரவரி 1937

லுத்பியா,

ஸலாம் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள். எனக்குக் கோபம் வருகிறது, மறைத்து எழுதத் தெரியவில்லை.

ஏழு நாளாக ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறோம். விடியும்போதே வந்து இடம் பிடிக்கிறேன். பதினொரு மணிக்கு நமசிவாயம் வந்து, “மத்தவங்க நாளைக்கு வாங்க” என்கிறார். நம்முடைய சீட்டு அடியில் கிடந்து மூலை மடங்கிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து முந்தாநாள் வந்த ஒரு குடும்பம் நேற்றுக் கட்டுப்போட்ட கண்ணோடு எங்களைக் கடந்து போனது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “ஏன் பாய், பிள்ளைக்கு ரெண்டணா செலவு பண்ண மாட்டீங்களா?” என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொழும்பில் பின்னால் கொடுப்பதுதான் வழக்கம். இங்கே முன்னால் கொடுக்கிறார்கள். பின்னால் கொடுப்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. நம் நோட்டு இங்கே செல்லாதது போல நம் சட்டமும் செல்லவில்லை. இதை உனக்கு எப்படிப் புரியவைப்பேன்? மச்சான் நல்லவர், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நல்லவருக்கு அரசாங்கம் ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்திருந்தது. எனக்கு இங்கே ஒரு பலகையும் கண் தெரியாத ஒரு பிள்ளையும்தான்.

நேற்று அஸீஸா என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “மாமா, நீங்க தாடி வெக்கிறீங்களா?” என்று கேட்டாள். போன கிழமை கண்ணாலேயே கண்டுபிடித்திருப்பாள். நீ இதை வாசி, பிறகு சத்தியத்தைப் பற்றி யோசி.

சத்தியத்தை நானே உடைத்துவிடலாம். உடைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்றால், அதனால்தான் என்று நீ ஆயுள் முழுக்க நினைப்பாய். அதற்குப் பயந்துதான் கேட்கிறேன். கடிதம் எழுதாதே, நாள் போகும். தந்தி அடி. கொடு என்று ஒரு சொல் போதும்.

ஜாபிர்


கொட்டாஞ்சேனை,
13 பெப்ரவரி 1937

அன்பு நானாவுக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. ரபீக்காவின் புருஷன் பௌஸி கடைக்குப் போகிற வழியில் தந்தி அடித்துவிட்டுத்தான் போனார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்திருக்கும்.

கொடுங்கள், நானா. எவ்வளவு கேட்டாலும் கொடுங்கள். இத்தாவில் கையில் போடாமல் சும்மா கிடந்த வளையலை பௌஸி செட்டியார் தெருவில் அடகு வைத்து மணியார்டர் அனுப்பியிருக்கிறார். அதைக் கொண்டுவருபவனுக்கும் ஏதாவது கொடுக்கவேண்டி வரும், கொடுத்துவிடுங்கள்.

என்னை ஏசுங்கள். இந்த நாலு சுவருக்குள் இருந்து எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லவளாக இருப்பது ஒன்றுதான் செய்ய முடிந்தது, அதையும் பிடிவாதமாகச் செய்துவிட்டேன். உங்கள் மச்சான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். தன் கைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். பிள்ளையின் கண்ணுக்கு அதை வைத்திருக்கமாட்டார்.

அவள் தாடியைத் தடவினாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்துக்கு மேல் எனக்கு வாசிக்க ஏலாமல் போய்விட்டது. ரபீக்காதான் மிச்சத்தை வாசித்துச் சொன்னாள்.

லுத்பியா


மதராஸ்,
16 பெப்ரவரி 1937

தங்கச்சி,

தந்தி சனிக்கிழமையே வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி பூட்டு. நேற்றுத் திங்கட்கிழமை கொடுத்தோம். நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு நாள் தள்ளிவிட்டேன்.

பெரியவர்கள் கொடுத்தால் நமசிவாயம் வாங்குவதில்லை. யாராவது பார்த்து லஞ்சம் என்று எழுதிப்போட்டால் வேலை போய்விடுமாம். அதனால் பிள்ளைகள் கையில் கொடுத்து நீட்டச் சொல்கிறார்கள். குழந்தை ஆசையாகக் கொடுத்ததை வாங்கினேன் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். இதெல்லாம் பக்கத்துப் பலகைக்காரர் சொல்லித்தந்தது. நானும் ஒரு இரண்டணாவை அஸீஸாவின் வலது கையில் வைத்து, “மாமா முதுகில தட்டினதும் இந்தச் சதுரக் காசை அவரிட கையில போடு” என்று சொன்னேன்.

அவர் வந்தார். தட்டினேன். அவள் கையை நீட்டினாள். விரலுக்கு நடுவில் சதுர மூலை தெரிந்தது, நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அவர் உள்ளங்கையில் விழுந்த காசைப் பார்த்தார். அதில் தமிழில் எழுதியிருந்ததை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். “ஐந்து சதம்! இன்னா பாய், பத்து நாளா குந்திக்கினு இருந்துட்டு, செல்லாக் காசை நீட்டி என்னைக் கிண்டல் பண்றியா?” வீசி எறிந்தார். வட்டக் காசாக இருந்தால் உருண்டு என் காலடிக்காவது வந்திருக்கும். அது சறுக்கிக்கொண்டுபோய் மருந்து அலுமாரிக்கு அடியில் நுழைந்துவிட்டது.

இரண்டணா அவளுடைய வலது கையில் அப்படியே இருந்தது. இடது கையில் இருந்ததைத்தான் கொடுத்திருக்கிறாள். நான் புத்தி கெட்டு அவளுடைய முதுகில் ஒரு அடி போட்டேன், லுத்பியா. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அவள் அழவில்லை. “அது வாப்பாட காசு மாமா. அதுதான் நல்ல காசு. நல்லதக் குடுத்தாத்தானே கண் கெதியா சுகமாகும்?” என்று கேட்டாள்.

பதறிப்போய் ஒரு முழு ரூபாயை அவரிடம் நீட்டினேன். அதுவும் நாற்பது பேர் பார்க்க என் கையாலேயே நீட்டினேன். அது இன்னும் பெரிய பிழை. “காசைக் காட்டி மிரட்டுறியா?” என்று கத்தினார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. சீட்டு மறுபடியும் அடிக்குப் போனது.

இன்று காலை டாக்டர் காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காவல்காரன் தள்ளிவிட்டான். இன்னும் மூன்று வேலை நாள் இருக்கிறது. நாளைக்கும் போவேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

ஜாபிர்


கொட்டாஞ்சேனை,
17 பெப்ரவரி 1937

அன்பு நானாவுக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராததே நல்ல செய்தி என்று ரபீக்கா சொல்கிறாள். திங்கட்கிழமை கொடுத்திருப்பீர்கள், செவ்வாயோ இன்றோ முடிந்திருக்கும், பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு எழுத நேரமில்லை. அப்படித்தானே?

இன்று இரண்டு மாதத்துக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது. திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். அஸீஸாவின் கட்டு அதற்குள் அவிழ்ந்துவிடுமா? அவளுக்குப் பெருநாள் காசு நீங்கள்தான் கொடுக்கவேண்டும். புதுக் காசாகப் பார்த்துக் கொடுங்கள், பளபளப்பைப் பார்த்துச் சிரிப்பாள்.

நமசிவாயத்துக்கு இன்னும் ஒரு ரூபாய் கொடுங்கள். இப்போது வேலை முடிந்துவிட்டது, இது உண்மையான சந்தோசம். அவரைப் பற்றி முன்பு மனதுக்குள் கெட்டதாக நினைத்ததற்கு நான் வருந்துகிறேன் என்றும் சொல்லுங்கள்.

லுத்பியா


மதராஸ்,
19 பெப்ரவரி 1937

தங்கச்சி,

உன் பெருநாள் கடிதம் சற்று முன்தான் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆபரேஷன் நடக்கவில்லை. இதற்குள் என் கடைசிக் கடிதத்தை வாசித்திருப்பாய்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பலகைதான். ஆட்கள் குறைந்த பிறகு அஸீஸா மெல்ல எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அந்த அலுமாரியின் காலைத் தடவித் தடவித் தேடுவாள். கை உள்ளே போகாது. திரும்பி வந்து உட்காருவாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு முகம் இல்லை.

இன்று காலை நமசிவாயம் அதைக் கண்டார். “இன்னா பாப்பா தேடுறே?” என்று கேட்டார். இவள் சொன்னாள். வாப்பா கடைசியாக வேலைக்குப் போன அன்றைக்குத் தந்தது, நீங்கள் கண்ணை நன்றாகப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்குக் கொடுத்தேன், உங்களுக்கு வேண்டாம் என்றால் எனக்குத் திருப்பித் தாருங்கள் என்றாள். அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஒரு குச்சியை எடுத்துவந்து தரையில் மார்பு படப் படுத்துக் காசைத் தள்ளி எடுத்தார். வேட்டியில் துடைத்து அவள் கையில் வைத்தார். “எனக்கும் பொண்ணு இருக்கு பாய். அப்பன் குடுத்த காசுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று என்னைக் கேட்டார்.

நம்முடைய சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அப்போது மணி பத்தரை. டாக்டர் கடைசி ஆபரேஷனை முடித்துக் கை கழுவிவிட்டாராம். நமசிவாயம் கார்வரைக்கும் பின்னால் போய்க் கும்பிட்டார், நான் கண்ணால் பார்த்தேன். “சின்ன டாக்டர் பார்ப்பார்” என்று சொல்லிவிட்டு வெள்ளைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்குக் கப்பல்.

சின்ன டாக்டர் நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாதவன். “பதினைந்து நாளுக்கு முந்தி என்றால் நானே தைரியமாகச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்லமுடியாது. ஆனால் செய்யாமல் விட்டால் நிச்சயம் போய்விடும்” என்கிறான். புதன்கிழமை காலையில் செய்வான். செய்யட்டுமா என்று தந்தி அடி. பதினைந்து நாள் என்று அவன் சொன்னதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன். என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை.

ஜாபிர்


கொட்டாஞ்சேனை,
24 பெப்ரவரி 1937
புதன் காலை

நானா,

செய்யட்டும் என்ற தந்தி பெருநாள் அன்றைக்கே உங்களுக்கு வந்திருக்கும். பெருநாள் தொழுகைக்குப் போகிற ஆட்களின் தக்பீர் தெருவில் கேட்டது. பௌஸி தொழுதுவிட்டு நேராகத் தந்திக் கந்தோருக்குப் போனார்.

இந்த நேரம் அவளை மேசையில் படுக்க வைத்திருப்பார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது உம்மா என்று கூப்பிட்டிருப்பாள். நான் இங்கே கேட்காத இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்காக இத்தாவை விட்டு வரலாமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்கச் சொன்னேன். அவசரத்துக்குப் பகலில் பக்கத்துத் தெருவரை போகலாமாம், கடல் தாண்டக் கூடாதாம். இன்னும் நாற்பத்தைந்து நாள். என்னுடைய பதினைந்து நாளை யாரிடம் போய்க் கேட்பேன்? உங்களை ஒன்றும் சொல்லவில்லை நானா. அவளை அடித்ததைக்கூட. அடித்தது உங்கள் கை, காரணம் என் சத்தியம்.

நமசிவாயத்தை ஏசாதீர்கள். அவர் தரையில் படுத்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு நான் துஆச் செய்தேன்.

இனி நான் கேட்பதைச் செய்யுங்கள். கட்டு அவிழ்க்கும் நாள் எது என்று எனக்கு எழுதவேண்டாம். அவிழ்த்ததும் அந்தக் காசை அவளுடைய கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். அதில் இருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியும், வாப்பாதான் சொல்லிக்கொடுத்தார். வாசித்தால் அந்த நிமிஷமே தந்தி அடியுங்கள். வாசிக்காவிட்டால் தந்தி வேண்டாம். கடிதம் போடுங்கள். கடிதம் வந்துசேர மூன்று நாளாகும். அந்த மூன்று நாளும் என் பிள்ளை பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டு இருப்பேன்.

லுத்பியா


மதராஸ்,
1 மார்ச் 1937

தங்கச்சி,

கடிதம்தான் எழுதுகிறேன்.

இன்று காலையில் கட்டை அவிழ்த்தார்கள். நீ சொன்னபடி காசைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, “வாசி மகள்” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, “கைல தாங்க மாமா” என்றாள். கொடுத்தேன். பெருவிரலால் ஒரு தரம் தடவினாள். “அஞ்சு சதம். வாப்பாட” என்றாள். நமசிவாயம் வெளியே போய்விட்டார்.

பிழையில்லாமல் சொன்னாளே, அதையாவது தந்தியில் சொல்லலாம் என்று தபால் கந்தோர்வரை போனேன். படிவத்தையும் வாங்கினேன். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு உனக்கு அந்த மூன்று நாளைத் தரவேண்டும் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மெயிலில் புறப்படுகிறோம். பிள்ளை உன் கையைப் பிடிக்க ஆசையாக இருக்கிறாள்.

ஜாபிர்